அறுபத்திரண்டாம் பெட்டி

மதியம் இரண்டு மணி அடித்துவிட்டால் ஆர்லின் ட்வேட்டனுக்கு இருப்புக் கொள்ளாது. தொப்பியைத் தேட ஆரம்பித்துவிடுவார். தொப்பி தலையிலேயே இருக்கும். அவர் மனைவி ஆர்டிஸ் பிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு, காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "வா, தபால் காத்துக்கிட்டிருக்கு" என்பாள். தபால் எதுவும் கிடையாது. அவர் ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகிறது. ஆனாலும் அந்தச் சொல்லுக்கு எழுந்து வருவதைப்போல அவர் வேறு எதற்கும் எழுந்து வருவதில்லை, சாப்பாட்டுக்குக்கூட.

எங்கள் ஊரான நார்டாலைச் சுற்றியுள்ள பண்ணை வீடுகளுக்கு முப்பத்தேழு வருடம் தபால் கொண்டுபோனவர் ஆர்லின். மூன்றாம் எண் வழி. எழுபத்தோரு மைல், நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். பெட்டிகளெல்லாம் சாலையின் வலப்பக்கம் கம்பத்தில் நிற்கும், காரின் ஸ்டியரிங்கோ இடப்பக்கம். அதனால் அவர் வலப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை நீட்டிப் பெடலை மிதித்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலது கையை ஜன்னலுக்கு வெளியே விட்டுப் பெட்டியைத் திறப்பார். மினசோட்டாக் குளிரில் அந்த ஜன்னல் முப்பத்தேழு குளிர்காலம் திறந்தே இருந்தது. அவருடைய வலது காது இன்றைக்கும் இடது காதைவிடச் சிவப்பாக இருக்கும்.

இப்போது ஆர்டிஸ் ஓட்டுகிறாள். வலப்பக்கத்து இருக்கைதான் அவருக்கு, அதாவது அவருடைய பழைய இடமேதான். மறதி நோய் வந்த இந்த இரண்டு வருடத்தில் மகளின் பெயர் போனது, சட்டைப் பொத்தான் போடும் வரிசை போனது, சில நாள் மனைவி யார் என்பதும் போனது. ஆனால் வழி போகவில்லை. ஒவ்வொரு பெட்டி நெருங்கும்போதும் எண்ணைச் சொல்லி, பெயரைச் சொல்லி, கூடவே ஒரு சேதியும் சொல்வார்.

"பதினேழு. ஆஸ்கார்ட். நாய் கடிக்கும், ஆனா முதல்ல வாலாட்டும்."

"இருபத்தொம்பது. கிழவி ஹில்டூர். கிறிஸ்துமஸுக்குப் பெட்டிக்குள்ள லெஃப்ஸா ரொட்டி வச்சிருப்பா. ஒரு வருஷம் பூனைக்குட்டி வச்சிருந்தா."

"பூனைக்குட்டிய என்ன பண்ணின?" என்று ஆர்டிஸ் கேட்பாள், நூறாவது தடவையாக.

"முப்பதாம் பெட்டிக்காரன்கிட்ட குடுத்துப் பாத்தேன். தபால்தலை ஒட்டலைன்னு வாங்கமாட்டேன்னான்!"

ஆஸ்கார்ட் போய்ச் சேர்ந்தார், ஹில்டூரும் போய்ச் சேர்ந்தாள், பாதி பண்ணைகளில் வீடே இல்லை. அதனால் என்ன? காருக்குள் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அந்த இரண்டரை மணி நேரத்துக்காகத்தான் மிச்ச நேரத்தையெல்லாம் ஆர்டிஸ் பொறுத்துக்கொண்டாள்.

அறுபத்திரண்டாம் பெட்டி ஸ்டாவ் வீட்டுடையது. ஆர்டிஸ் பிறந்த வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் புதிய தபால்காரன் வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளுக்குக் கடிதம் எழுத ஊரில் ஆள் கிடையாது. ஆனால் பெட்டியில் ஏதாவது இருந்தால்தானே கார் நிற்கும்? பத்திரிகையில் 'இலவச மாதிரிக்கு எழுதுங்கள்' என்று எதைப் பார்த்தாலும் எழுதிப்போட்டாள். விதைப் பட்டியல், ரொட்டி மாவு, கால் ஆணிக்குப் பிளாஸ்திரி, மாட்டு மடிக்குத் தடவும் களிம்பு. ஸ்டாவ் குடும்பத்துக்கே கால் சரியில்லை போலிருக்கிறது என்று ஆர்லின் ரொம்ப நாள் இரக்கப்பட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவள் உண்மையைச் சொன்னாள்.

பதிலுக்கு அவரைக் கிண்டல் செய்ய அவளிடமும் ஒன்று இருந்தது. அந்த முதல் கோடையில் அவர் வாரம் ஒரு தடவையாவது அடுத்த வீட்டு பியெர்க்கேயின் செய்தித்தாளைக் கொண்டுவந்து ஸ்டாவ் பெட்டியில் போட்டுவிடுவார். மறுநாள் அவள் வாசலில் நின்று திருப்பிக் கொடுக்க வேண்டும். "முப்பத்தேழு வருஷத்துல ஒரு கடிதம் மாத்திப் போடாத மனுஷன்னு ஊரே மெடல் குத்துது. ஸ்டாவுக்கும் பியெர்க்கேக்கும் வித்தியாசம் தெரியாத கதை எனக்குத்தானே தெரியும்" என்று ஐம்பத்தேழு வருடமாகச் சொல்லிக்காட்டுகிறாள். அவர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே சும்மா இருப்பார்.

சும்மா இருப்பது எங்கள் ஊரில் ஒரு நோய் அல்ல. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நார்வேயிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். காலையில் கஃபேயில் ஆறு ஆண்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி யார் காப்பி வாங்குவது என்று தீர்த்துவிட்டால், அப்புறம் அரைமணி நேரம் ஒரு வார்த்தை வராது. யாராவது பேசினால், அவனுக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை என்று அர்த்தம். குறை சொல்வதும் எங்களிடம் இல்லை. கொட்டகை எரிந்துபோனவனிடம் போய்க் கேட்டாலும் "பரவாயில்ல, இன்னும் மோசமா இருந்திருக்கலாம்" என்பான். இதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இது எங்கள் அசட்டுத்தனம் என்பது ஆர்லின் விஷயத்தில்தான் எனக்குப் புரிந்தது.

செப்டம்பரில் டாக்டர் லிண்ட்கிரென் ஞாபக மாத்திரையின் அளவைக் கூட்டினார். மூன்று வாரம் கழித்து, சர்க்கரைக்கான பீட்ரூட்டை ஏற்றிய லாரிகள் ஓடிக்கொண்டிருந்த ஒரு மதியம், "அம்பத்தொம்பது, டோல்லெஃப்ஸன், கதவு தொங்கும்" என்ற ஆர்லின் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அறுபது போனது. அறுபத்தொன்று போனது. ஆர்டிஸ் தன் பெட்டியின் முன்னால் காரை மெதுவாக்கினாள். அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு லேசாகச் சப்புக் கொட்டியது. வலது கை சட்டையின் இரண்டாவது பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

"ஆர்லின், இது யார் பெட்டி?"

அறுபத்துமூன்றும் தாண்டிய பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்தவர் மாதிரி ஒரு மூச்சு விட்டார். "அறுபத்தி நாலு," என்றார். "நூட்ஸன்." முந்தைய பெட்டிகளைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டை ஆர்டிஸ் சாப்பிடவில்லை. மகள் பெயர் போனபோது அழாதவள், தன் பெட்டி போனதற்கு அழுதாள். அவளை அவர் மறந்தாலும் அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணை மறக்கவில்லை என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பிடிப்பு. அதுவும் போயிற்று என்று நினைத்தாள்.

மறுநாள் அறுபத்திரண்டில் அவர், "ஸ்டாவ். கால் ஆணி" என்றார். ஆர்டிஸ் வண்டியைப் பள்ளத்தில் விடப் பார்த்தாள். ஆனால் அன்று பதினேழும் பதினெட்டும் பத்தொன்பதும் காணவில்லை. அதற்கு அடுத்த நாள் ஒன்றும் போகவில்லை. அதற்கடுத்து எண்பத்தெட்டில் ஆரம்பித்து மூன்று பெட்டி.

அவளுக்கு ஏதோ உறுத்தியது. ஆர்லின் வேலையில் இருந்தபோது ஒரு வழக்கம் வைத்திருந்தார். நேற்றைய செய்தித்தாள் இன்னும் பெட்டிக்குள்ளேயே கிடந்தால், காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்க் கதவைத் தட்டுவார். அது அவர் வேலையல்ல, சட்டப்படி அவர் காரைவிட்டே இறங்கக்கூடாது. அப்படித் தட்டித்தான் நாற்பத்தோராம் பெட்டி அன்டனை வைக்கோல் பரணுக்குக் கீழே இடுப்பு உடைந்து கிடந்தபோது கண்டுபிடித்தார். "ஒரு நாள் எடுக்காம விட்டா சோம்பேறித்தனம், ரெண்டு நாள்னா ஏதோ நடந்திருக்கு" என்பார்.

ஏதோ நடந்திருக்கிறது. ஆர்டிஸ் சர்ச்சில் கொடுக்கும் ஞாயிறு ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். தேதி, எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டி வரை, கை என்ன செய்தது, வாய் என்ன செய்தது.

நவம்பர் கடைசியில் நன்றி நாளுக்கு மகள் ரெனே மினியாபொலிஸிலிருந்து வந்தாள். வான்கோழியை வெட்டிக்கொண்டிருந்த ஆர்லின் கத்தி கையில் இருந்தபடியே உறைந்து நின்றார். அப்பாவின் கண்ணில் யாருமே இல்லை என்பதை ரெனே பார்த்தாள். பாத்திரம் கழுவும்போது அம்மாவிடம் சொன்னாள்.

"அம்மா, அப்பாவுக்கு முத்திடுச்சு. இதுக்கு மேல உன்னால முடியாது. ஊர்ல ஒரு காப்பகத்துல பேசியிருக்கேன். மறதிக்காரங்களுக்குன்னே தனி வீடு. ஜனவரி பதினஞ்சுக்கு ஒரு அறை காலியாகுது."

"கார்ல கூட்டிட்டுப் போவாங்களா?"

"யாரு, எங்க?"

"தினமும் ரெண்டு மணிக்கு."

"அம்மா, வெளிய போற கதவையே பூட்டித்தான் வச்சிருப்பாங்க. அவர் நல்லதுக்குத்தான்."

ஆர்டிஸ் ஒரே தட்டை மூன்று தடவை துடைத்தாள். "பரவாயில்ல," என்றாள். சொல்லியே பழகிய வாய்.

டிசம்பர் இரண்டாம் வாரம் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. காப்பகத்துக்கு டாக்டரின் கையெழுத்து வேண்டும், அதற்காக ரெனேயும் வருவதாக இருந்தது. முந்தின நாள் ஆர்லினின் பழைய சிநேகிதர் மில்ஃபர்ட், உருளைக்கிழங்கு உருண்டைகளை மேலே அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் ஒரு பாத்திரம் கொண்டுவந்தார். மனைவி கொடுத்துவிட்டது. வாசலிலேயே நின்று தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் அப்படி நின்றால் உள்ளே ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"என்ன மில்ஃபர்ட்?"

"ஒண்ணுமில்ல. ஆர்லின் கஃபேல... சில நேரம் கப்பைத் தூக்குவான். தூக்கினபடியே இருப்பான். காப்பி மடியில ஊத்தும். சுடுதுன்னுகூடத் தெரியாது."

"எத்தனை நாளா?"

"அக்டோபர்லேருந்து."

"அக்டோபர்லேருந்தா! ஆறு பேர் உக்காந்திருக்கீங்களே, ஒருத்தன் வாயத் திறந்து எங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"யோசிக்கிறான்னு நினைச்சோம்."

"மடியில காப்பிய ஊத்திக்கிட்டு என்னய்யா யோசனை?"

மில்ஃபர்ட்டின் முகம் சிவந்தது. "நல்லா யோசிக்கிறான்னு நினைச்சோம்," என்றார் பாவம்.

கோபத்திலும் ஆர்டிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு அந்தச் சிரிப்பு நின்று பயம் வந்தது. அந்த ஆறு பேரையும் திட்டினாளே, அவள் மட்டும் என்ன செய்தாள்? அக்டோபரிலும் நவம்பரிலும் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்து புது மாத்திரை எப்படி என்று கேட்டாள். இரண்டு தடவையும் ஆர்டிஸ் சொன்ன பதில், "பரவாயில்ல."

டாக்டர் லிண்ட்கிரென் சின்ன வயதுக்காரர், நல்ல மனுஷி. ஆர்லினிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். "ஞாயித்துக்கிழமை இல்ல," என்றார் ஆர்லின். "அன்னைக்குத்தான் தபால் கிடையாது." டாக்டர் சிரித்துவிட்டு ஆர்டிஸ் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க மிஸஸ் ட்வேட்டன். எப்படிப் போகுது?"

"பர..." என்று ஆரம்பித்தாள் ஆர்டிஸ். பக்கத்தில் ரெனே காப்பகத்துத் தாளை மடியில் வைத்திருந்தாள். ஆர்லின் ஜன்னல் பக்கம் கையை நீட்டி இல்லாத பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். ஆர்டிஸ் வாயை மூடினாள். மறுபடி திறந்தாள்.

"நல்லாயில்ல, டாக்டர்," என்றாள். "ஒண்ணும் நல்லாயில்ல."

எழுபத்தேழு வருடத்தில் அவள் வாயிலிருந்து வெளியே வராத வாக்கியம் அது. ரெனே திரும்பிப் பார்த்தாள். ஆர்டிஸுக்குக் காது சூடாகிவிட்டது, ஏதோ ஆராதனை நடுவில் ஏப்பம் விட்டவள்போல. ஆனாலும் கைப்பையைத் திறந்து ஆராதனைத் தாள்களை மேசைமேல் பரப்பினாள்.

"அவர் மறக்கறது எனக்குத் தெரியும், டாக்டர். ரெண்டு வருஷமா பாக்குறேன். மறந்தது திரும்பி வராது. ரெனே பேரு போச்சு, வரவே இல்ல. இது அப்படியில்ல. திங்கக்கிழமை போன பெட்டி செவ்வாக்கிழமை வருது. அன்னைக்கு வேற மூணு பெட்டி போகுது. எப்பவும் மூணு, இல்லன்னா நாலு. நான் முப்பது மைல் வேகத்துக்கு மேல போறதில்ல. அப்போ அது ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷமும் பொத்தானத் திருகுறார், வாயச் சப்புறார். மறதிக்காரர் மறந்துட்டு மறந்துட்டேன்னு தவிப்பார். இவர் அந்த நேரத்துல வீட்டுலயே இல்ல."

டாக்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். "இது எப்போ ஆரம்பிச்சுது?"

"மாத்திரைய கூட்டி மூணு வாரத்துல."

"ஏன் நர்ஸ் கேட்டப்போ சொல்லல?"

"கேட்டாங்களே, அதான் பரவாயில்லன்னு சொல்லிட்டேன்," என்றாள் ஆர்டிஸ். கண்ணில் நீர் வந்துவிட்டது. "அது என் தப்பு."

அந்த வாரமே ஆர்லினின் தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் படமெடுத்தார்கள். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். விழுந்து உதறுவது மட்டும் வலிப்பு அல்ல, இப்படி உட்கார்ந்தபடியே ஆளைக் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பிவிடுவதும் வலிப்புதான். வயதானவர்களிடம் இதை மறதி என்றே பார்த்துக் கோட்டைவிட்டுவிடுவோம். மறதி நோயே வலிப்பைக் கொண்டுவரும். ஞாபக மாத்திரையும் எப்போதாவது சிலருக்கு அதைத் தூண்டிவிடலாம். இவருக்கு எது என்று சத்தியம் செய்ய முடியாது.

"ஆனா தேதி பொருந்துது. அளவைப் பழையபடி குறைப்போம். வலிப்புக்குச் சின்னதா ஒரு மருந்து சேர்ப்போம். நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க. அது வேற வம்பு."

"ஆக இவருக்கு மறதி நோய் இல்லையா?" என்று ரெனே கேட்டாள். குரலில் ஆசை தெரிந்தது.

"இருக்கு," என்றார் டாக்டர். "அது போகாது. போகக்கூடாத நேரத்துல போன அந்த ரெண்டு நிமிஷத்தை வேணும்னா திருப்பி வாங்கித் தரலாம்."

ரெனே காப்பகத்துத் தாளை மடித்துப் பையில் போட்டாள். வெளியே வந்து காரில் ஏறும்போது, "அம்மா, கொஞ்ச நாள் பாக்கலாம்" என்றாள். ஜனவரி பதினைந்தாம் தேதி அந்த அறைக்கு வேறு யாரோ போனார்கள். அவர்களுக்கும் யாராவது கார் ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று ஆர்டிஸ் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் இரண்டு தடவை பெட்டிகள் போயின. பிப்ரவரியில் ஒரு தடவை. மார்ச் பாதியில், பனி உருகி மண் சாலையெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு மதியம், ஆர்லின் ஒன்றிலிருந்து ஐம்பத்தொன்பது வரை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தார். அன்று காலையிலிருந்து அவருக்கு ஆர்டிஸ் யார் என்று தெரியவில்லை. வண்டி ஓட்ட வந்த அம்மா என்று நினைத்து மரியாதையாகவே இருந்தார்.

"அறுபது. பிராட்டன். தேன் விக்கிறான்."

"ம்."

"அறுபத்தொண்ணு. பியெர்க்கே. செய்தித்தாள் வாங்குற ஒரே ஆளு."

ஆர்டிஸ் காரை மெதுவாக்கினாள். அவள் பிறந்த வீட்டு வாசலில் கம்பம் மட்டும் நிற்கிறது, பெட்டி எப்போதோ விழுந்துவிட்டது. வீட்டைப் போன வருடம்தான் இடித்தார்கள்.

"அறுபத்தி ரெண்டு," என்றார் ஆர்லின். "ஸ்டாவ்."

"கால் ஆணி," என்றாள் ஆர்டிஸ், எடுத்துக் கொடுப்பதுபோல.

"அது சரி." அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஜன்னலை ஏற்றிவிட்டு அவள் பக்கம் சாய்ந்தார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். நீங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாது. தபால் ஆபீஸுக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"சொல்லமாட்டேன்."

"இந்த வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா. சில நாள் அவளுக்குத் தபால் ஒண்ணும் இருக்காது. இந்தப் பெட்டியில நிறுத்த எனக்கு வேலையே இல்ல. அன்னைக்கு என்ன பண்ணுவேன் தெரியுமா? பியெர்க்கேயோட செய்தித்தாளை இதுல போட்டுடுவேன். வேணும்னே. மறுநாள் திருப்பிக் குடுக்க அவ வெளிய வந்து நிப்பா இல்ல?"

ஆர்டிஸ் காரை நிறுத்திவிட்டாள். ஐம்பத்தேழு வருடம் சொல்லிக்காட்டியிருக்கிறாள். அத்தனை தடவையும் இந்த மனுஷன் காப்பியை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

"அவகிட்ட சொல்லலாம்ல?" என்றாள்.

"ஐயையோ, அவகிட்டயா!" ஆர்லினுக்கு வெட்கத்தில் இரண்டு காதும் ஒரே நிறமாகிவிட்டது. "நான் தெரியாம மாத்திப் போடுறேன்னு நினைச்சிட்டிருக்கா. வேணும்னே பண்றேன்னு தெரிஞ்சா சிரிப்பா."

"சிரிக்கமாட்டா," என்றாள் ஆர்டிஸ்.

அவள் அழுவதை அவர் கவனித்தார். பையில் கையைவிட்டுக் கைக்குட்டையை எடுத்து, பெட்டிக்குள் கடிதம் வைப்பதுபோல, அவள் மடியில் வைத்தார்.

"ஏம்மா, உடம்பு ஏதும் சரியில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நல்லா இருக்கேன்," என்றாள். "ரொம்ப நல்லா இருக்கேன்."

"அப்படின்னா வண்டிய எடுங்க," என்றார் ஆர்லின். ஜன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டிக்கொண்டார். "இன்னும் அம்பது பெட்டி இருக்கு."